ராஜபாளையத்துக்கு மூன்று அலைவரிசைகள்

தனியார் பண்பலை வானொலி இல்லாத 234 ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 28 அன்று ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்ற ஊர்களில் திண்டுக்கல், காரைக்குடி, கரூர், தஞ்சாவூர், திருவண்ணாமலை ஆகியவற்றோடு ராஜபாளையமும் ஒன்று. அதற்கு ஒதுக்கப்பட்டவை மூன்று அலைவரிசைகள். சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயர் அதில் இல்லை. காரணம் மக்கள்தொகை. ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் பேர் வரை வாழும் ஊர்களே ஏல விதிகளில் 'டி' பிரிவு எனப்படுகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி ராஜபாளையம் நகராட்சியில் 1,30,442 பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,396 பேர். ஆனால் நகராட்சி எல்லைக்கல்லைக் கண்டு வானலை நின்றுவிடுவதில்லை. 'டி' பிரிவு நிலையம் ஒன்றின் ஒலிபரப்புத் திறன் 1 முதல் 3 கிலோவாட் வரை இருக்கலாம். ராஜபாளையத்தில் கோபுரம் எழுந்தால் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளும், தளவாய்புரத்தின் நைட்டி தைக்கும் கூடங்களும், ஸ்ரீவில்லிபுத்தூரின் ரத வீதிகளும் அதன் எல்லைக்குள்தான் வரும்.

அலைவரிசை ஒரு சரக்காக விற்பனைக்கு வந்திருக்கும் இதே காலத்தில், அலைவரிசையே இல்லாமல் வானொலி கேட்கும் பழக்கமும் பரவிவிட்டது. கைப்பேசிச் செயலியில் சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் நிலையங்கள் எல்லாம் ஒரே தொலைவில் இருக்கின்றன. வானொலித் துறை இன்று சந்திக்கும் மாற்றத்தை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற இந்த இரண்டு ஊர்களை வைத்துப் பார்ப்பது எளிது. ஏனென்றால் வானொலி தொடங்கிய நாள்முதல் இவை பிற ஊர்களின் குரலைக் கேட்டே வளர்ந்த ஊர்கள்.

சென்னையில் அகில இந்திய வானொலி 1938இல் தொடங்கியது, திருச்சியில் 1939இல். தெற்குச் சீமைக்கென்று திருநெல்வேலியில் ஒரு நிலையம் வர 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை திருச்சியே தெற்கின் குரல். இவை மத்திய அலை நிலையங்கள். மத்திய அலை பகலில் தரையை ஒட்டிப் படர்ந்து வரும். சூரியன் மறைந்தபின் வளிமண்டலத்தின் உயர் அடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தாண்டியும் விழும். பகலில் மங்கலாகக் கேட்ட நிலையம் இரவில் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் தெளிவாகக் கேட்பதற்கு இதுவே காரணம். வால்வு ரேடியோவின் முள்ளை மயிரிழை அளவு திருப்பி நிலையத்தைப் பிடிப்பது ஒரு கைத்திறன். வீட்டுக்கு ஒருவருக்குத்தான் அது வாய்க்கும். பிறர் பெட்டியைத் தொட அனுமதி இருக்காது.

அந்த முள் பெரும்பாலும் கொழும்பில் போய் நின்றதற்கு ஒரு வரலாறு உண்டு. 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி.கேஸ்கர் திரைப்பாடல்களை வானொலிக்கு உகந்தவையாகக் கருதவில்லை. அகில இந்திய வானொலியில் திரைப்பாடலின் நேரம் சுருங்கியது. நேயர்கள் யாரும் கொடி பிடிக்கவில்லை, முள்ளைத் திருப்பினார்கள், அவ்வளவுதான். இலங்கை வானொலி தமிழ்ப் பாடல்களை அள்ளிக் கொடுத்தது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் குரல் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் உறவினர் குரல்போல் பழகிப் போனது. இந்த இழப்பைப் பார்த்தபின் 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து அதில் விளம்பரங்களும் வந்தன. வானொலி நிறுவனம் ஒன்று நேயரின் பழக்கத்துக்கு வளைந்து கொடுத்த முதல் பெரிய நிகழ்வு இந்த நாட்டில் இதுதான். இன்று செயலியும் இணையமும் செய்யும் வேலையை அன்று ஒரு சிறிய முள் செய்தது.

கடல் தாண்டி எதிர்த்திசையிலும் குரல் போனது. தூத்துக்குடியில் அகில இந்திய வானொலி அமைத்த 200 கிலோவாட் மத்திய அலை நிலையம் இலங்கை நேயர்களுக்கானது. எல்லைக்கோடுகளை மதிக்காத இந்தப் போக்குவரத்து, இணையம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தமிழர்களுக்குப் பழகிய ஒன்று.

பண்பலை வந்தபோது இரண்டு ஊர்களின் நிலையும் மாறியது. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977இல் சென்னையில் தொடங்கியது. பண்பலையில் இரைச்சல் குறைவு, இசை முழுமையாகக் கேட்கும். ஆனால் அது ஏறத்தாழ நேர்கோட்டில் பயணிப்பது. பூமியின் வளைவும் குறுக்கே நிற்கும் மலையும் அதைத் தடுத்துவிடும். இவ்விரண்டுக்கும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, வடகிழக்கே மதுரை, தெற்கே திருநெல்வேலி; இரு நகரங்களும் 70 முதல் 90 கிலோமீட்டர் தொலைவில். நகர எல்லையைக் கணக்கிட்டுத் திறன் ஒதுக்கப்பட்ட நிலையங்களுக்கு இது கடைசி எல்லை, அல்லது எல்லைக்கு வெளியே. அதனால்தான் கோடைக்கானல் வானொலி தென்மாவட்டங்களில் தனி இடம் பெற்றது. 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் 'கோடை பண்பலை'யின் ஏரியல் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் நிற்கிறது. பண்பலையில் திறனைவிட உயரம் பெரிது. மலை உச்சியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் ஊரெல்லாம் காதுக்கும் எட்டும். இடையில் வேறொரு மலை மறைக்கும் பள்ளங்களில் மட்டும் கரகரக்கும்.

1984இல் நாகர்கோவிலில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் பேசும் நிலையத்தால் ஒரு வட்டாரத்தின் பேச்சையும் பயிரையும் சந்தையையும் கவனிக்க முடியாது என்ற உணர்விலிருந்து பிறந்தது அது. மதுரை நிலையம் 1987இல் வந்தது. 103.3 மெகாஹெர்ட்ஸில் அதை இன்றும் கேட்கலாம். தனியார் பண்பலைக்குக் கதவு திறந்த முதல் சுற்றிலேயே சென்னை, கோவையோடு திருநெல்வேலியும் இடம்பிடித்தது. சூரியன் எஃப்எம் அங்கே ஒலித்தது. பிறகு மிர்ச்சியும் ஹலோ எஃப்எம்மும் மதுரைக்கு வந்தன. ராஜபாளையம் மறுபடியும் நடுவில் நின்றது.

தனியார் நிலையங்கள் கொண்டுவந்த பெரிய மாற்றம் பாட்டல்ல, பேச்சு. அகில இந்திய வானொலியின் அறிவிப்பாளர் எழுதி வைத்ததை நிதானமாக வாசிப்பவர். ஆர்ஜே எழுதாமல் பேசுபவர். மதுரைத் தமிழும் நெல்லைத் தமிழும் ஒலிவாங்கியின் முன் கூச்சமில்லாமல் வந்து நின்றது அப்போதுதான். பின்னாளில் திரைக்குப் போன மிர்ச்சி சிவாவும் ஆர்ஜே பாலாஜியும் இந்தப் பேச்சில் பயின்றவர்கள்.

கேட்பவரின் பங்கு மாறியதும் இதே அளவுக்கு முக்கியம். அஞ்சலட்டைக் காலத்தில் ஒரு பாடலைக் கேட்டு எழுதியவர் வாரக்கணக்கில் காத்திருந்தார். ஊர்ப் பெயரோடு தன் பெயர் வாசிக்கப்படும் அந்த நொடிக்காகத் தெருவையே கூட்டி உட்கார வைத்தார். அட்டையில் வீட்டார் அத்தனை பேர் பெயரையும் நெருக்கி எழுதுவது வழக்கம், எல்லாப் பெயரும் வாசிக்கப்பட வேண்டுமே. தொலைபேசி வந்தபின் நேயரின் குரலே காற்றில் ஏறியது. குறுஞ்செய்தி காத்திருப்பை நிமிடங்களாகச் சுருக்கியது. இன்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புகிறார்கள். நிலையம் அதை வெட்டி ஒட்டி ஒலிபரப்புகிறது. அட்டையில் எழுதத் தெரியாதவர்கள் வானொலிக்கு வெளியே நின்ற காலம் இதோடு முடிந்தது. எழுத்தறிவு இல்லாத மூதாட்டியும் தன் ஊர்ப் பேச்சிலேயே பேசி அனுப்பலாம். தொழில்நுட்பம் வானொலிக்குச் செய்த நன்மைகளில் இதை முதலில் வைக்கலாம்.

கைப்பேசி செய்த மற்ற மாற்றங்கள் இவ்வளவு நேரானவை அல்ல. சாதாரண பொத்தான் கைப்பேசியில் எஃப்எம் வசதி பரவியபோது டிரான்சிஸ்டர் பெட்டிகள் கடைகளிலிருந்து மெல்ல மறைந்தன. ஆனால் கேட்பவர்கள் பெருகினார்கள். அந்தக் கைப்பேசிகளில் காதொலிப்பான் கம்பியே ஏரியல். கம்பியைச் செருகினால்தான் நிலையம் கிடைக்கும். பிறகு வந்த விலையுயர்ந்த ஸ்மார்ட்போன்கள் பலவற்றில் கம்பி செருகும் துளையையே எடுத்துவிட்டார்கள். சில்லு உள்ளே இருந்தும் எஃப்எம் முடக்கப்பட்ட கருவிகளும் உண்டு. கருவி ஒழிந்தால் அலை இருந்தும் பயனில்லை. கைப்பேசிகளில் எஃப்எம் வசதியை முடக்கக் கூடாது என்று மத்திய அரசு 2023இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியதும், அதே ஆண்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதையே பரிந்துரைத்ததும் இந்தப் பின்னணியில்தான்.

எஃப்எம் இல்லாவிட்டால் என்ன, இணையத்தில் கேட்கலாமே என்பது நியாயமான கேள்வி. 2016க்குப் பின் கைப்பேசி டேட்டா மலிவானபோது இது பலருக்கு எளிதாயிற்று. அகில இந்திய வானொலியின் நூற்றுக்கணக்கான அலைவரிசைகள் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் கிடைக்கின்றன. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய 'வேவ்ஸ்' தளத்திலும் வானொலி உண்டு. திருநெல்வேலி நிலையத்தைத் துபாயிலிருந்து கேட்பவருக்கு மலையும் வளைவும் தடையல்ல. ஆனால் காற்றில் வரும் ஒலிக்கும் இணையத்தில் வரும் ஒலிக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. ஒலிபரப்புக் கோபுரம் மழையைப் போன்றது. கீழே நிற்பவர் பத்துப் பேரா, பத்து லட்சம் பேரா என்பதற்கேற்ப அதன் செலவு மாறாது. இணைய ஒலியோ குழாய்த் தண்ணீர். ஒவ்வொரு நேயருக்கும் தனி இணைப்பு, தனிச் செலவு. வினாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 30 எம்பி டேட்டா தீரும். நேயர் கூடக்கூட நிலையத்தின் சர்வர் செலவும் கூடும்.

இன்னொன்று, தாமதம். இணைய ஒலி துண்டுதுண்டாக வந்து சேர்ந்து ஒலிப்பதால் பல வினாடிகள் பிந்தியே கேட்கிறது. வானொலி மணி சொன்னால் கடிகார முள்ளைத் திருத்திக்கொண்ட தலைமுறைக்கு இது விந்தையாக இருக்கும். செயலியில் கேட்கும் 'நேரம் ஏழு மணி' உண்மையில் ஏழைத் தாண்டிவிட்ட நேரம்.

வானொலிக்கும் நேரத்துக்கும் உள்ள பிணைப்பை ஸ்ரீவில்லிபுத்தூரைவிட நன்றாக உணர்த்தும் ஊர் வேறில்லை. ஆண்டாள் பிறந்த ஊர் இது. மார்கழி விடியலில் திருப்பாவையை ஒலிபரப்புவது தமிழக வானொலி நிலையங்களின் நீண்ட நாள் மரபு. இந்த ஊரில் பிறந்த பாசுரம் வேறோர் ஊரின் நிலையத்திலிருந்து புறப்பட்டு, இந்த ஊரின் டீக்கடைகளுக்கும் அடுக்களைகளுக்கும் திரும்பி வந்தது. அதன் வடிவமே வானொலிக்கு ஏற்றது. முப்பது பாசுரம், மார்கழியின் நாளுக்கு ஒன்று. நாளைக்குரியது நாளைதான் வரும். இன்று முப்பதும் யூடியூபில் எந்நேரமும் கிடைக்கின்றன. ஆடி மாதத்து நண்பகலிலும் கேட்கலாம். விரும்பியதை விரும்பிய நேரத்தில் கேட்பது பெரிய வசதிதான். ஆனால் ஓர் ஊர் முழுவதும் ஒரே நொடியில் ஒரே பாசுரத்தைக் கேட்கும் அனுபவம் அதில் கிடைப்பதில்லை. எழுப்புவதற்கென்றே பாடப்பட்டது திருப்பாவை. எழுந்தபின் தேடிப் போட்டுக் கேட்பது வேறொன்று. வானொலி இன்றும் இழக்காமல் வைத்திருக்கும் பலம் இந்த உடன்நிகழ்வுதான். அதனால்தான் நிலையங்கள் காலை நிகழ்ச்சிகளில் மிகுந்த கவனம் செலுத்துகின்றன. நாடகம், நேர்காணல், சிறுகதை போன்றவற்றைப் பாட்காஸ்டாகவும் யூடியூப் காணொளியாகவும் தனியே வைத்துவிட்டு, பொழுது, வானிலை, போக்குவரத்து, பண்டிகை ஆகிய நேரத்தோடு ஒட்டியவற்றை நேரலைக்கு ஒதுக்குவது இப்போது உலகெங்கும் காணப்படும் பிரிப்பு.

சில நிலையங்கள் வானலையை முழுதாகவே விட்டுவிட்டன. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. இலங்கைப் போர்க்காலத்தில் இரவுதோறும் சிற்றலையில் அதைத் தேடிக் கேட்ட தமிழர்களுக்கு அது சாதாரண முடிவல்ல. பிபிசி தமிழ் இணையதளத்திலும் காணொளியிலும் தொடர்கிறது. குரல் மட்டும் சிற்றலையிலிருந்து இறங்கிவிட்டது.

டிஜிட்டல் வானொலி மூன்றாவது வழி. கோபுரத்திலிருந்தே ஒலிபரப்பு நடக்கும், ஆனால் ஒலி எண்களாக மாறி அலையில் பயணிக்கும். ஒரே அலைவரிசையில் பல நிகழ்ச்சிகளை அடக்கலாம், எழுத்துச் செய்தியையும் அனுப்பலாம். நார்வே 2017இல் தேசிய நிலையங்களின் எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்தி முற்றிலும் டிஜிட்டலுக்கு மாறிய முதல் நாடானது. அகில இந்திய வானொலி 'டிஆர்எம்' என்ற முறையைத் தேர்ந்து சென்னை உட்படப் பல ஊர்களில் மத்திய அலைக் கோபுரங்களைப் புதுப்பித்தது. கேட்கும் கருவி மலிவாகக் கிடைக்காததால் அந்த முதலீட்டின் பயன் இன்னும் பொதுமக்களிடம் வந்து சேரவில்லை. புதிய கார்கள் சிலவற்றில் மட்டும் அந்த வசதி உண்டு. தனியார் நிலையங்களும் எஃப்எம்மோடு டிஜிட்டலையும் சேர்த்து ஒலிபரப்பலாம் என்று டிராய் 2025 அக்டோபரில் பரிந்துரைத்தது. அந்த முதல் கட்டத்துக்கான 13 பெருநகரங்களில் சென்னை இருக்கிறது. ராஜபாளையம் போன்ற ஊருக்கு அது வந்து சேர நாளாகும். ஆகவே இந்த வட்டாரத்துக்கு உடனடியாகப் பொருந்துவது எஃப்எம், இணையம் இரண்டுமே.

பணக் கணக்கைப் பார்க்காமல் வானொலியின் எதிர்காலம் விளங்காது. 730 அலைவரிசைகளுக்கும் சேர்த்து அரசு வைத்த அடிப்படை விலை 784.87 கோடி ரூபாய். சராசரியாக ஒன்றுக்கு ஒரு கோடிக்குச் சற்று மேல். அதற்குப் பின் ஆண்டுதோறும் மொத்த வருவாயில் 4 விழுக்காடு உரிமக் கட்டணம். வருவாயோ அநேகமாக விளம்பரம் மட்டும்தான். 2016இல் 266 அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தபோது 66 மட்டுமே விலைபோயின. அதன்பின் விளம்பரப் பணம் இன்னும் வேகமாகக் கைப்பேசித் திரைக்குச் சாய்ந்தது. பிக் எஃப்எம் வலையமைப்பை நடத்திய நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உள்ளாகி 2024இல் கைமாறியது. ரேடியோ மிர்ச்சி 'ரேடியோ' என்ற முன்னொட்டை விட்டு வெறும் 'மிர்ச்சி' ஆனது. காணொளி, இசை நிகழ்ச்சி, இணைய விளம்பரம் எல்லாம் அதன் தொழிலாகிவிட்டன.

கேட்பவர் எத்தனை பேர் என்று சொல்ல முடியாததும் வானொலிக்குப் பழைய பலவீனம். நாட்டில் நேயர் கணக்கெடுப்பு முறை டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நான்கு பெருநகரங்களோடு நின்றது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் எந்த நிகழ்ச்சியை யார் கேட்கிறார்கள் என்பதற்கு அளவுகோல் கிடையாது. யூடியூப் காணொளிக்கோ எத்தனை பேர், எத்தனை நிமிடம், எந்த ஊர் என்ற கணக்கு உடனே வந்துவிடுகிறது. விளம்பரம் தருபவர் கணக்கு இருக்கும் இடத்தை நாடுவது இயல்பு. ஆர்ஜேக்களை நிலையங்களே கேமரா முன் நிறுத்துவதற்கு இதுவே காரணம். காதுக்காகப் பேசிப் பழகிய தொழிலுக்குள் முகமும் ஒப்பனையும் வந்து சேர்ந்துவிட்டன.

சிறிய ஊரின் கணக்கு இங்கே வேறாக இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருப்பவர் மதுரை நிலையத்தில் விளம்பரம் செய்தால், தன் கடைப் பக்கம் ஒருபோதும் வராத லட்சக்கணக்கானவர்களுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். ராஜபாளையத்து ஜவுளிக்கடைக்கும் அதே நிலைதான். இருபது, முப்பது கிலோமீட்டருக்குள் ஒலிக்கும் நிலையம் அவர்களுக்குச் சரியான அளவுச் சட்டை. நேயர்களும் தயாராக இருக்கிறார்கள். கண்ணும் கையும் வேலையில் இருக்க, காது மட்டும் சும்மா இருக்கும் தொழில்கள் நிறைந்த வட்டாரம் இது. தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவரால் காணொளி பார்க்க முடியாது. பால் வற்றும்வரை அடுப்படியில் நின்று துடுப்பைப் போட்டுக் கிளறுபவரும் அப்படித்தான். திரை எவ்வளவு பெருகினாலும் இந்த மணி நேரங்கள் ஒலிக்கே உரியவை.

ஆனால் நிலையம் ராஜபாளையத்தில் இருப்பதும் ராஜபாளையத்தைப் பற்றிப் பேசுவதும் ஒன்றல்ல. ஒரு நிறுவனம் தன் நிலையங்களுக்கிடையே நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்ள தனியார் பண்பலைக்கான மூன்றாம் கட்ட விதிகள் அனுமதிக்கின்றன. செலவைக் குறைக்க இது கைகொடுக்கும். சென்னையில் ஒருவர் பேசுவதை ஐந்து ஊர்களில் ஒலிபரப்பலாம். அப்படி நடந்தால் கோபுரம் மட்டும் உள்ளூர், குரல் வெளியூர் என்று ஆகிவிடும். செயற்கை நுண்ணறிவு இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோகிறது. ரேடியோ சிட்டி 2023இல் செயற்கைக் குரல் ஆர்ஜே ஒன்றை அறிமுகப்படுத்தியது. போலந்தின் கிராகோவ் நகரில் ஒரு நிலையம் 2024 அக்டோபரில் மனித அறிவிப்பாளர்களுக்குப் பதில் செயற்கைக் குரல்களை வைத்துப் பார்த்து, எதிர்ப்பு வலுத்ததால் ஒரு வாரத்துக்குள் கைவிட்டது. தமிழை எழுத்துப் பிசகாமல் வாசிக்கும் எந்திரத்தை இனி உருவாக்கிவிடலாம். தெலுங்கு பேசும் குடும்பங்களும் நெல்லை, மதுரைப் பேச்சுகளும் கலந்த ராஜபாளையத்துத் தமிழின் இழுவையையும் குழைவையும் அது பேச வேண்டுமானால், யாராவது முதலில் அந்தப் பேச்சைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

உள்ளூர்க் குரலுக்கு இன்னொரு வாசல் சமுதாய வானொலி. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்எம் இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி விரிந்தது. 100 வாட் அளவு திறன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எட்டும். பாம்பனில் 2016இல் தொடங்கிய 'கடல் ஓசை' மீனவர்களுக்கான நிலையம். காற்றின் வேகம், அலையின் உயரம், கடலுக்குப் போகலாமா கூடாதா என்ற எச்சரிக்கை ஆகியவை அங்கே திரைப்பாடலைவிட முக்கியம். கோடிகள் தேவைப்படாத இந்த முறை, கல்லூரிகளும் விவசாயச் சங்கங்களும் நிறைந்த விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்குப் பொருத்தமானது. மேற்குமலை அடிவாரத்தின் மாந்தோப்புகளும் தென்னையும் கண்மாய்ப் பாசன நெல்லும் பேசுவதற்குப் போதுமான பொருள் தரும்.

உழவருக்கு வானொலி என்ன செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சான்று உண்டு. 1960களில் ஏடிடி-27 என்ற புதிய நெல் ரகத்தைத் திருச்சி நிலையம் தஞ்சை உழவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 'ரேடியோ நெல்' என்றே அது பெயர் பெற்றது. இன்று பூச்சித் தாக்குதல் பற்றிய படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி விடை கேட்கலாம், உண்மைதான். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் இல்லாத உழவரையும் வானொலி சென்றடையும்.

பேரிடரில் இது உயிர் சார்ந்த வேறுபாடாகிவிடுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் மின்சாரம் போனது. கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்து தொடர்பும் அறுந்தது. அத்தகைய நாளில் செயலியும் இணைய ஒலியும் ஒன்றும் செய்ய இயலாது. நூறு கிலோமீட்டர் தள்ளி மின்சாரம் உள்ள இடத்தில் ஒரு கோபுரம் நின்றால் போதும், இரண்டு பேட்டரி போட்ட பெட்டி பேசும். பழைய மத்திய அலைக் கோபுரங்களைச் செலவு கருதி மூடும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

ராஜபாளையத்தில் நாளை தனியார் நிலையம் ஒன்று வந்தால் அது எதைப் பேசலாம் என்பதையும் விதிகளே வரையறுக்கின்றன. வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, குடிநீர், மின்தடை, கலை நிகழ்ச்சி, திருவிழா, பேரிடர் எச்சரிக்கை ஆகியவை செய்தி என்ற வகையில் சேராததால் தடையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் எந்த வீதியில் வருகிறது என்று சொல்லலாம். குடிநீர் எந்த வார்டுக்கு எப்போது வரும் என்ற அறிவிப்பையும் வாசிக்கலாம். அது ஏன் பத்து நாளாக வரவில்லை என்று நகராட்சிக் கூட்டத்தில் நடந்த விவாதத்தைத் தானே செய்தியாக்க முடியாது. செய்தி வேண்டுமானால் அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மாற்றமின்றி ஒலிபரப்பலாம், அவ்வளவே. சமுதாய வானொலிக்கும் இதே கட்டுப்பாடு. அதே விவாதத்தை ஒருவர் கைப்பேசியில் படம்பிடித்து யூடியூபில் ஏற்ற எந்த உரிமமும் தேவையில்லை. ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம் வரை தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பலாம் என்று டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஒரு நாளில் 24 முறை பத்து நிமிடம் என்றால் நான்கு மணி நேரம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே நடப்பவற்றைச் சொல்ல அது தாராளமாகப் போதும்.